எந்தப் பாதாம் என்று சொல்லுங்கள்

என் அக்கா எனக்கு ஒரு சிறுநீரகம் கொடுத்தாள். அறுவை சிகிச்சை சென்னையில் நடந்தது. சில மாதங்கள் அவள் வீட்டிலேயே இருந்துவிட்டு, டாக்டர் சரி என்றதும் அல் ஐனுக்குத் திரும்பினேன். என் கணவர் இங்கே சனாயாவில், அதாவது தொழிற்பேட்டையில், ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசர். நான் ஒரு இந்தியப் பள்ளியின் ஆபீஸில் வேலை பார்த்து வந்தேன். திரும்பியதும் பழைய மேசையையே எனக்குக் கொடுத்தார்கள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் ஆகவில்லை.

டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த வருடங்களில் எனக்கு என்னென்ன கூடாது என்று சொல்வதைவிட, எது கூடும் என்று சொல்வது சுலபம். இளநீர் கூடாது. வாழைப்பழம், தக்காளி கூடாது. உருளைக்கிழங்கை வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டுத்தான் தொடலாம். குடிக்கிற தண்ணீரையே இந்த ஊர் வெயிலில் டம்ளரால் அளந்து குடித்தேன். பாதாம், பிஸ்தா, முந்திரி பக்கமே போகக் கூடாது. வளைகுடாவில் அது சின்ன விஷயம் இல்லை. யார் வீட்டுக்குப் போனாலும் உட்கார்ந்ததும் முன்னால் வந்து நிற்பது பேரீச்சம்பழமும் ஒரு தட்டு நட்ஸும்தான். பெருநாளுக்கு ஒர்க்‌ஷாப் முதலாளி அனுப்பும் பெரிய தட்டைப் பிரிக்காமலே யாருக்காவது கொடுத்துவிடுவேன். கொடுத்துவிட்டு, கை கழுவுவேன். ஏன் கழுவினேன் என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

அதனால் இங்கே ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகரைப் பார்க்கப் போன அன்று, முதல் கேள்வியாகவே பாதாமைக் கேட்டேன். அவர் பாலக்காட்டுப் பெண், தமிழ் நன்றாகப் பேசுவார். சிரித்துவிட்டு, இனி சாப்பிடலாம் என்றார். நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அடுத்ததையும் சொன்னார்.

“ஆனா வறுத்தது சாப்பிடுங்க. இல்லேன்னா பாஸ்டுரைஸ் பண்ணது. பச்சையா இருக்கிறது வேண்டாம்.”

அந்தச் சொல்லைப் பால் பாக்கெட்டில் பார்த்திருக்கிறேன். பாதாமுக்கும் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. அவர் பொறுமையாக விளக்கினார். பாதாமை மரத்தை உலுக்கித் தரையில் கொட்டித்தான் அள்ளுகிறார்கள். மண்ணில் இருக்கும் கிருமி ஓட்டில் ஒட்டி, பருப்பிலும் தங்கிவிடக்கூடும். நல்ல உடம்புக்காரர் தின்றால் ஒன்றும் ஆகாமலே போகலாம், அல்லது வயிற்றுப்போக்கோடு போகலாம். புது சிறுநீரகத்தை உடம்பு ஏற்றுக்கொள்வதற்காக எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை விழுங்குகிற என்னைப் போன்றவர்களுக்கு அது ஆஸ்பத்திரிப் படுக்கை. அமெரிக்காவில் முன்பு பச்சைப் பாதாம் தின்று பலர் நோயில் விழுந்ததால், கலிஃபோர்னியாவில் விளைவதை நீராவியிலோ வேறு முறையிலோ கிருமி போக்காமல் அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்கக் கூடாது என்று விதி வந்ததாம். மற்ற நாடுகளுக்குப் போகும் சரக்குக்கு அந்தக் கட்டாயம் கிடையாதாம். ஆனால் பெட்டியில் ‘அன்பாஸ்டுரைஸ்டு’, அதாவது பாஸ்டுரைஸ் செய்யாதது, என்று அச்சிட்டு அனுப்ப வேண்டுமாம்.

வீட்டிலேயே கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்கலாமா என்று கேட்டேன். சில நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டால் பரவாயில்லை, வாணலியில் லேசாகப் புரட்டி எடுப்பதை மட்டும் நம்ப வேண்டாம் என்றார். கடையில் வாங்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டதற்கு, பாக்கெட்டைப் பாருங்கள் என்றார்.

பாக்கெட்டைப் பார்த்தேன். வார லீவில் நானும் கணவரும் வழக்கமாகப் போகிற பெரிய சூப்பர் மார்க்கெட்டில், நட்ஸ் அடுக்கின் முன்னால் நின்று ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ‘ரா ஆல்மண்ட்ஸ்’ என்று ஆங்கிலத்திலும் அரபியிலும் போட்டிருந்தது. பச்சை இலையோடு படம் இருந்தது. எந்த நாட்டில் விளைந்தது, எவ்வளவு புரதம், எந்தத் தேதிக்குள் தின்ன வேண்டும், எல்லாம் இருந்தது. கிருமி போக்கியதா இல்லையா என்பது மட்டும் எதிலும் இல்லை. அடுக்கிக்கொண்டிருந்த நேபாளிப் பையனைக் கேட்டேன். புது ஸ்டாக் மேடம், ஃப்ரெஷ் என்றான். மேனேஜரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் டை கட்டிக்கொண்டு வந்து, நான் கேட்டதை முழுவதும் கேட்டுவிட்டு, “ரா என்றால் ரா, மேடம்” என்றார்.

வறுக்காதது என்பது எனக்கும் தெரிகிறது, ஆவி காட்டியதா இல்லையா என்று கேட்டேன். அவர் எனக்குப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். எங்கள் பொருள் எல்லாம் அனுமதி பெற்றது என்றார். அனுமதி பெறவில்லை என்று நான் சொல்லவில்லை. என் கணவர் டிராலியோடு இரண்டு அடுக்கு தள்ளிப் போய், வாங்கவே போகாத ஓட்ஸ் டப்பாவைப் படித்துக்கொண்டிருந்தார்.

காரில் ஏறியதும் அவர் சொன்னார். “வேணாம்னா விட்டுட்டுப் போக வேண்டியதுதானே. பாதாம் திங்காம யாராவது செத்திருக்காங்களா?”

அவர் கெட்ட மனிதர் இல்லை. டயாலிசிஸ் நாட்களில் டூட்டியை மாற்றிப்போட்டுக்கொண்டு வாரம் தவறாமல் என்னோடு வந்து உட்கார்ந்தவர். ஆனால் அந்த வார்த்தை என்னைச் சுட்டது.

“சாப்பிடாம இருக்கிறது எப்படின்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேணாம். அது எனக்கு நல்லாத் தெரியும். இப்ப சாப்பிடலாம்னு சொல்லிட்டாங்க. எதைன்னு கேக்கறேன். அவ்வளவுதான்.”

வாங்கி வந்த ஒரு பாக்கெட் பாதாமை நான் அன்றே கொதிக்கவைத்துத் தோலுரித்துத் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. ஆனாலும் மனம் ஆறவில்லை. எனக்குக் கொதிக்கவைக்கத் தெரியும், யாரோ எனக்குச் சொல்லிவிட்டார்கள். யாரும் சொல்லித் தராதவர்களின் கதி என்ன? அதே அடுக்கிலிருந்து அதே பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போன ஒரு கர்ப்பிணிப் பெண்ணை நான் கடையில் பார்த்திருந்தேன். அவளை நிறுத்திச் சொல்லலாமா என்று யோசித்து, என்னவென்று சொல்வது, எனக்கே உறுதியாகத் தெரியாதே என்று விட்டுவிட்டேன். அந்த நினைப்புதான் என்னை அதிகம் கோபப்படுத்தியது. உறுதியாகத் தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை, நானும் மூடிக்கொள்ள வேண்டியிருந்தது.

எங்கள் எதிர் ஃபிளாட்டில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் இருந்தாள். என்னைவிடச் சில வயது இளையவள். அவள் இயற்கை உணவுக்காரி. பகலில் அடுப்பில் ஏறிய எதையும் தொடமாட்டாள்; பயறு, வெந்தயம், நட்ஸ் எல்லாம் ஊறவைத்துத்தான். எனக்கும் அவளுக்கும் இந்த விஷயத்தில் ஒத்தே போகாது. ஒரு தடவை, என் மாத்திரைகளைக் கொஞ்சம் குறைத்தால் உடம்பு தானாகவே தேறும் என்றாள். அந்தப் பேச்சை இன்னொரு தடவை எடுத்தால் கதவைத் திறக்க மாட்டேன் என்று சொன்னேன். அவள் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

சூப்பர் மார்க்கெட் கதையை அவளிடம் சொன்னபோது, கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுந்து போய் சமையலறையிலிருந்து இரண்டு கிண்ணங்களைக் கொண்டுவந்தாள். இரண்டிலும் ஊறவைத்த பாதாம். ஒன்றில் நுனி லேசாக வெடித்து முளை வெள்ளையாக எட்டிப்பார்த்தது. இன்னொன்றில் முளைக்காமல் வழவழவென்று கிடந்தது; ஆவி காட்டியது முளைக்காதாம். வேறு வேறு கடையில் வாங்கியவை. இரண்டு பாக்கெட்டிலும் ‘ரா’ என்றுதான் போட்டிருந்ததாம்.

“ரொறன்ரோவில அக்கா வாங்கிறதிலயும் அப்பிடித்தான் போட்டிருக்கு. ஆனா அது ஆவி பிடிச்சு வாறது. அங்க அது சட்டம். இஞ்ச என்னெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. உங்களுக்கு ஆவி பிடிச்சது வேணும், எனக்கு ஆவி பிடிக்காதது வேணும். ரெண்டு பேருக்கும் ஒரே சொல்லைத்தான் எழுதி விக்கினம்.”

எனக்கு வேறு வழி எதுவும் தோன்றாமல் இருந்த நேரம் அது. பழைய சூக் சந்தையில் கீழக்கரைக்காரர் ஒருவரின் கடைக்குப் போகலாம் என்று அவள்தான் சொன்னாள். அங்கே பாக்கெட் கிடையாது. கண்ணாடி மூடி போட்ட மரத் தொட்டிகளில் கொட்டிவைத்து, அள்ளிப் போட்டுத் தருவார். பெட்டி அவர் கடைக்குள்தானே இருக்க வேண்டும் என்றாள்.

மறுநாள் சாயங்காலம் போனோம். கடைக்காரருக்கு ஐம்பதுக்கு மேல் வயது இருக்கும். நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டதும் வாங்கம்மா என்று உள்ளே கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு பிஸ்தாவை நீட்டினார். நான் வாங்கி வைத்துக்கொண்டேன், தின்னவில்லை. அதைக் கவனித்துவிட்டார். ஏன் என்று கேட்டதால், என் நிலைமையைச் சொன்னேன். பாதாம் வந்த பெட்டியைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் பெட்டியைக் காட்டச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான் என்று சொல்லிக்கொண்டே பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பழுப்பு அட்டைப் பெட்டிகள் சுவரோரமாக அடுக்கியிருந்தன. பக்கவாட்டில் ரகம், எடை, தோட்டத்துக் குறி எல்லாம் அச்சாகியிருந்தது. அதற்குக் கீழே, பெரிய எழுத்தில் அந்தச் சொல். அன்பாஸ்டுரைஸ்டு. பக்கத்துப் பெட்டியிலும் அதே சொல். நான் விரலை வைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்க்குள் கூட்டிப் படித்தார்.

“தினம் இதைத் தூக்கி வைக்கிறேன், இறக்குறேன். கம்பெனி பேரு ஏதோன்னு நெனச்சேன்,” என்றார்.

நான் நின்றபடியே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல் கடல் தாண்டி, ஜெபல் அலி துறைமுகத்தில் இறங்கி, லாரியில் இந்தப் பின்கட்டு வரை வந்திருக்கிறது. இங்கிருந்து கடையின் முன்பக்கம் பத்தடி தூரம். அந்தப் பத்தடியை அதனால் தாண்ட முடியவில்லை. பெரிய கம்பெனிகளில் பெட்டியைப் பிரித்துச் சின்னப் பாக்கெட்டில் போடும்போதே அது காணாமல் போய்விடுகிறது.

தொட்டியின் மேல் இதை எழுதிவையுங்கள் பாய் என்றேன்.

அவர் தயங்கினார். தன் கஷ்டத்தை மறைக்காமல் சொன்னார். பக்கத்துக் கடைக்காரர் எழுதவில்லை, எதிர்க் கடைக்காரர் எழுதவில்லை. தான் மட்டும் எழுதினால் தன் சரக்குதான் கெட்ட சரக்கு என்று ஆகாதா? பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று பாதி வாடிக்கையாளர்கள் தன்னிடம்தான் வாங்குகிறார்கள். அதைச் சொன்னதும் அவரே நிறுத்திக்கொண்டார்.

“அவங்களுக்காகத்தான் கேக்கறேன்,” என்றேன். “நான் இனிமே எப்படியும் கொதிக்கவெச்சுத்தான் திம்பேன். எழுதினாலும் எழுதாட்டாலும் எனக்கு ஒண்ணுதான்.”

அப்போது என்னோடு வந்தவள் முன்னால் வந்து, இந்தப் பெட்டியிலிருந்தே தனக்கு ஒரு பெரிய பை நிறையப் போடச் சொன்னாள். இப்படி எழுதிய பாதாமைத்தான் இரண்டு வருடமாகத் தேடுவதாகவும், எழுதிவைத்தால் தன்னைப் போன்ற பத்துப் பேரை அனுப்புவதாகவும் சொன்னாள். கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஒருத்தங்க எதுக்கு வேணாங்கிறீங்களோ, அதுக்காகவே இன்னொருத்தங்க வாங்குறீங்க. எனக்கென்ன நட்டம். எழுதிர்றேன்.”

அடுத்த வாரம் போனபோது பாதாமுக்கு இரண்டு தொட்டிகள் இருந்தன. ஒன்றின் மேல் ஒரு சின்னப் பலகையில் ‘ஆவி காட்டாதது, அப்படியே வந்தது’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தார். கீழே அரபியில், பக்கத்து அத்தர் கடைக்காரரை விட்டு எழுதச் சொல்லியிருந்தார். இன்னொன்றில் ‘ஆவி காட்டியது’. அந்தச் சரக்கும் ஜெபல் அலியில் அவருக்குப் பெட்டி அனுப்பும் அதே கிடங்கில்தான் இருந்ததாம். கேட்டதும் அனுப்பிவிட்டார்களாம். இத்தனை நாள் கேட்காததால் அனுப்பவில்லை. நான் அந்தத் தொட்டியிலிருந்து ஒரு பாதாமை எடுத்து, கடையிலேயே, எல்லோரும் பார்க்கக் கடித்துத் தின்றேன். இவ்வளவுக்கும் அது வெறும் பாதாம்தான். ஆனாலும் இன்னொன்றையும் எடுத்துத் தின்றேன்.

அந்தப் பலகை பிரச்சினை இல்லாமல் நிற்கும் என்று நான் நினைத்திருந்தால் அது என் முட்டாள்தனம். ஒரு நாள் நானும் கணவரும் கடையில் இருந்தபோது, கிடங்கிலிருந்து சரக்கு கொண்டுவரும் வேனில் சேல்ஸ்மேன் வந்தான். ஹைதராபாத்காரன். உள்ளே நுழைந்ததும் பலகையைப் பார்த்தான். முகம் மாறியது. இந்தியில் பேசினான். இதை எடுத்துவிடு பாய், இதைப் பார்த்து மற்ற கடைக்காரர்கள் என்னிடம் கேள்வி கேட்கிறார்கள், சரக்கின் பெயர் கெடுகிறது என்றான்.

கடைக்காரர் நிதானமாகத்தான் பதில் சொன்னார். “பெட்டியில நீங்க போட்டு அனுப்பினதுதானே. அதைத்தான் எழுதியிருக்கேன். நானா ஒரு எழுத்து சேக்கலையே.”

பெட்டியில் இருப்பது வியாபாரிக்கு, கஸ்டமருக்கு இல்லை என்றான் அவன். அதைப் படித்தால் கஸ்டமர் பயந்துவிடுவான் என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் பேச ஆரம்பித்தார். ஓட்ஸ் டப்பாவைப் படித்துக்கொண்டு தள்ளி நின்ற அதே மனிதர். ஒர்க்‌ஷாப்பில் பழகிய முரட்டு இந்தியில் கேட்டார்: ஆவி காட்டிய சரக்கும் உங்களிடம் இருக்கிறதே, அதை யார் வாங்குகிறார்கள்? சாக்லேட் ஃபேக்டரி, பிஸ்கட் ஃபேக்டரி என்றான் சேல்ஸ்மேன். அவர்களுக்கு எது எது என்று சொல்லித்தான் விற்கிறீர்களா? பின்னே, அவர்கள் பேப்பர் கேட்பார்களே என்றான்.

“ஃபேக்டரிக்காரன் கேட்டா பேப்பரோட சொல்றீங்க. என் பொண்டாட்டி கேட்டா மட்டும் பயந்துடுவாளா? ஒரு ஆயில் ஃபில்டர் வாங்கறதுக்கே ஒரிஜினலா டூப்ளிகேட்டான்னு கேட்டுத்தான் நான் வாங்கறேன். யாரும் என்னைப் பயந்துடுவேன்னு சொன்னதில்ல.”

இதை இந்தியில்தான் சொன்னார். இலக்கணம் எல்லாம் தாறுமாறாக இருந்தது. ஆனால் கடையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. சேல்ஸ்மேன், பலகை இருந்தால் அடுத்த வாரம் சரக்கு வராது, கலாஸ், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போனான். கடைக்காரர் பலகையை எடுக்கவில்லை. சொன்னபடியே சரக்கு வரவில்லை. தொட்டிகள் காலியாயின. அவர் காலித் தொட்டியின் மேலேயே அந்தப் பலகையை விட்டுவைத்தார். கேட்டவர்களுக்கெல்லாம், எழுதினதால சரக்கு தரமாட்டேங்கிறாங்க என்று கதையைச் சொன்னார். எங்கள் எதிர் ஃபிளாட்காரி அனுப்பிய இயற்கை உணவுக் கூட்டம் வந்து, காலித் தொட்டியைப் படம் பிடித்துக்கொண்டு போனது. கொஞ்ச நாளில் வேன் திரும்பி வந்தது. பலகையைப் பற்றி யாரும் பேசவில்லை. பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு, ஒரு சுலைமானி டீ குடித்துவிட்டுப் போனான் அந்த சேல்ஸ்மேன்.

பிறகு ஒரு நாள் வீட்டுக்கு வரும் வழியில் கணவரிடம், அன்று சேல்ஸ்மேனிடம் ஏன் பேசினீர்கள் என்று கேட்டேன். சாலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். “பயந்துடுவாங்கன்னு சொன்னான் பாரு, அதான்,” என்றார். “நீ எதையெல்லாம் பாத்துட்டு உக்காந்திருக்க. ஒரு வார்த்தைக்கா பயப்படுவே.”

சூப்பர் மார்க்கெட்டை நான் விடவில்லை. தலைமை அலுவலகத்துக்கு மெயில் போட்டேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. மறுபடியும் போட்டேன். மறுபடியும் நன்றி. சில மாதங்கள் கழித்து என் கணவர் அங்கிருந்து ஒரு பாக்கெட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். மாற்றிவிட்டார்கள் என்றார். எடுத்துப் பார்த்தேன். ‘ரா’ என்ற சொல்லை எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த இடத்தில் ‘நேச்சுரல்’ என்று போட்டிருந்தார்கள். படத்தில் இலை இன்னும் பெரிதாக ஆகியிருந்தது.

அன்று சாயங்காலமே எதிர் ஃபிளாட்காரியையும் கூட்டிக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் போனோம். மேனேஜர் என்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார். மாற்றிவிட்டோம் மேடம் என்றார். மாற்றியது சரி, இப்போது இது என்ன சொல்கிறது என்று கேட்டேன். ஸ்டோரில் இருக்கும் மொத்தப் பெட்டியைக் கொண்டுவந்து காட்டச் சொன்னாள் யாழ்ப்பாணத்துப் பெண். அது வழக்கமில்லை என்றார் அவர். நாங்கள் கவுன்ட்டரை விட்டு நகரவில்லை. பின்னால் வரிசை நீண்டது. கையில் அதே பாக்கெட்டோடு நின்ற ஒரு சூடான் நாட்டுப் பெண் என்ன விஷயம் என்று விசாரித்தாள். ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, தன் பாக்கெட்டையும் கவுன்ட்டரில் வைத்து, நான் கேட்ட கேள்வியை அரபியில் கேட்டாள். மேனேஜர் ஃபோனை எடுத்தார்.

பெட்டி வந்தது. அந்தச் சொல் அதில் இருந்தது. அவரே அதைப் படித்தார். ஃபோனில் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினார். இன்று அந்தக் கிளையில், விலை போட்டிருக்கும் சீட்டில், பாஸ்டுரைஸ் செய்யாதது என்று சின்ன எழுத்தில் போடுகிறார்கள். பாக்கெட்டில் இன்னும் நேச்சுரல்தான். மற்ற கிளைகளில் அந்தச் சின்ன எழுத்தும் கிடையாது. போதாது என்று இன்னொரு மெயில் எழுதியிருக்கிறேன்.

இப்போது முந்திரி அடுக்கைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். அதிலும் ‘ரா’ என்றுதான் போட்டிருக்கிறது. நான் பண்ருட்டிப் பக்கத்துக்காரி. வறுக்காமலோ அவிக்காமலோ முந்திரிக் கொட்டையை உடைத்தால் ஓட்டுப் பால் பட்டுக் கை பொத்துப்போகும் என்று எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் தெரியும். மேனேஜரிடம் போய், இது எப்படி ரா ஆயிற்று என்று கேட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காருங்கள் மேடம் என்றார். நின்றுகொண்டே கேட்கிறேன் என்றேன்.